உம் கொட்டிய லேப்டாப்

பதிவில் ஒரு "ம்" கூடுதலாக இருந்தது.

அவள் மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா?" அவள் குரல்தான், அவசரத்தில் பாதியை விழுங்கிவிடுகிற அதே "கேக்குதா". ஆறு வருஷமாகக் கைக்கு வந்த ஒவ்வொரு பழைய லேப்டாப்பிடமும் அதைக் கேட்டிருக்கிறாள். ஒன்றாவது பதில் சொன்னதா என்றால் இல்லை. இது சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கிற ஆள் உம் கொட்டுவதைப்போல, வாயைத் திறக்காமல், சாவகாசமாக.

"ம்."

"ஏன், உனக்கு வேற வேலை இல்லையா?" என்று லேப்டாப்பைத் திட்டினாள். அறையில் வேறு யாரும் இல்லை. திட்டியது கொஞ்சம் தைரியமாக இருந்தது.

ஆபீஸ்களும் வீடுகளும் வேண்டாமென்று கழித்துவிடுகிற கம்ப்யூட்டர்களை வாங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, பழுது பார்த்து, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அறக்கட்டளை அது. கீழே கிடங்கு, மாடியில் அவளுடைய சோதனை அறை. மின்விசிறிகளுக்குள் வருஷக்கணக்காகப் படிந்த தூசி சூடேறும்போது எழும் கருகின முடி வாசனை, ஸ்டிக்கர் பசையைத் துடைக்கும் ஸ்பிரிட்டின் காரம், மேஜை முழுக்கப் பின்னிக் கிடக்கும் சார்ஜர் வயர்கள், மூடிகளில் போட்டுவைத்த திருகாணிகள், இத்தனைக்கும் அடியில் ஓயாமல் ஒரு இரைச்சல். அந்த இரைச்சல் அவளுக்குப் பழகிப்போய் மௌனமாகவே ஆகிவிட்டிருந்தது. திரை, விசைகள், ஸ்பீக்கர், எல்லாம் பார்த்து முடித்த பிறகு கடைசியில் மைக். பத்து விநாடி பேச வேண்டும், ஓடவிட்டுக் கேட்க வேண்டும், படிவத்தில் டிக் போட வேண்டும்.

இந்தக் கறுப்பு லேப்டாப்கள் பன்னிரண்டும் திங்கட்கிழமை ஒரே இடத்திலிருந்து வந்தவை. நாள் பூராவும் போனில் பேசியே பிழைத்த ஒரு ஆபீஸ், மூடிவிட்டார்களாம். கொண்டுவந்த இரண்டு பேரும் வாயையே திறக்கவில்லை. கிடங்கைப் பார்த்துக்கொள்கிற ஸ்டோர்காரர் கேட்டதற்கெல்லாம் சீட்டில் எழுதிக் காட்டினார்கள். "பேசிப் பேசியே அலுத்துட்டானுங்க போல," என்று அவர்கள் போன பிறகு அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

பன்னிரண்டில் இப்போது மேஜைமேல் இருப்பது பதினொன்று. படிக்கிற பிள்ளை இருக்கிற ஊழியர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்ததால், அவள் அன்று சாயங்காலமே ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அதற்கு மைக் சோதனை மட்டும் பாக்கி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சோதிக்காமலேயே டிக் போட்டாள். ஒன்பது வயசு வாயாடிக்கு மைக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மகளை அவள் கூப்பிடுவதே அப்படித்தான், வாயாடி. கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை வாய் ஓயாது. அம்மாவோ களைத்துப்போய் வந்து, பாதி காதில் வாங்கி, பாதியை விட்டு, "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் தேய்ப்பாள்.

இரண்டாவது லேப்டாப். "ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா?"

"ம்."

மூன்றாவதில் "ம்"மோடு ஒரு நாற்காலி நகர்கிற சத்தமும் இருந்தது. அவள் தன் நாற்காலியை நகர்த்தவில்லை. பழைய பதிவு ஏதோ சரியாக அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாளைக் காலையில் பதினொன்றும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். ஒரு "ம்"முக்குப் பயந்து வேலையைப் போட்டுவிட்டுப் போனாள் என்று நாளைக்குக் கதை பரவினால் மானம் போய்விடும். நான்கு. ஐந்து. ஆறு.

ஸ்டோர்காரர் கிளம்புகிறவராகப் பையோடு மாடி ஏறி வந்து எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் வரட்டா? கீழ பூட்டியாச்சு. நீ போறப்ப வாசக் கதவை இழுத்துவிட்டுப் போ, போதும்."

"சரிண்ணே."

"என்ன, தொண்டை கட்டிக்கிச்சா? காத்துதான் வருது."

"தூசிண்ணே," என்றாள். அந்தச் சொல் அவர்வரை போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். செருப்புச் சத்தம் படிப்படியாகத் தேய்ந்தது. கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. ஜன்னல் கண்ணாடி வெளிர் மஞ்சளாகக் கிடந்தது.

ஏழாவது லேப்டாப்பிடம் பேசினாள். அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. "கேக்குதா" என்பதில் பாதி வெறும் மூச்சு. ஓடவிட்டாள்.

பதிவில் அவள் குரல் கணீரென்று இருந்தது. காலையில் எழுந்து முகம் கழுவினவள் குரல் மாதிரி, முழுசாக.

"ம்."

பத்து விநாடி முடிந்தது. பதிவு நிற்கவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. நாற்காலி நகர்ந்தது. அப்புறம் ஒரு பிள்ளைக் குரல், நடுவிலிருந்து, மூச்சு விடாமல்: "...டீச்சர் பாக்கவே இல்ல, நான்தான் சொன்னேன், அவதான் எடுத்தான்னு. அதுக்கு அவ என்ன பண்ணா தெரியுமா?"

"ம்."

"என்கூட யாருமே பேசக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. இன்னிக்கும் யாரும் பேசல. நீ மட்டும்தான் கேக்கற."

"ம்."

வாயாடியின் குரல், வீட்டிலிருக்கும் பன்னிரண்டாவதிடம் பேசுகிற குரல். இதை மகள் அவளிடம் சொல்லவே இல்லை. இல்லை, சொல்லியிருப்பாள். பாத்திரச் சத்தத்தில் சொல்லியிருப்பாள். பிள்ளையின் குரல் கரகரவென்று இருந்தது, வார்த்தைகளின் நுனி உடைந்து உடைந்து. இன்று காலையிலும் அப்படித்தான் இருந்தது. "ஐஸ் தின்னியாடி?" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுக் கிளம்பி வந்திருந்தாள்.

சீட்டில் எழுதிக் காட்டிய இரண்டு பேர். அவர்கள் அலுத்துப்போயிருக்கவில்லை.

மேஜையிலிருந்த தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். மணி போயிற்று. போய்க்கொண்டே இருந்தது.

"ஹலோ?" மெலிந்த குரல். கிழவியின் குரல் மாதிரி.

அதுகிட்ட பேசாதே, மூடு, அதை மூடிவை. எல்லாம் வாயில் இருந்தது. வெளியே வந்தது காகிதம் உரசுகிற சத்தம்.

"ஹலோ? யாரு? அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. அப்புறமாப் பண்ணுங்க."

வைத்துவிட்டாள்.

இன்றைக்குப் பஸ்ஸுக்கு நிற்கிற பொறுமை இல்லை. ஓடினாள். குறுக்கே வந்த பைக் பிரேக் அடித்து வழுக்கியது, ஓட்டினவன் கத்தினான். அவள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அவன் முகத்தில் கோபம் போய் வேறு என்னவோ வந்தது. "என்னக்கா ஆச்சு?" என்றான். பதில் சொல்ல அவள் நிற்கவில்லை. விலா குத்தியது. பேசாதடி, என் தங்கம், கொஞ்ச நேரம் பேசாம இரு. பிறந்ததிலிருந்து ஆயிரம் தடவை எரிச்சலில் சொன்னது. இப்போது சொல்ல முடியவில்லை.

மூன்றாவது மாடி. எதிர் வீட்டில் பூட்டு தொங்கியது. சாவி நுழைந்தது, திரும்பியது, கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள். யார் தட்டினாலும் திறக்காதே, என் குரல் கேட்டால்தான் திறக்கணும் என்று பிள்ளைக்குப் படித்துப் படித்துச் சொல்லிவைத்தவள் அவளேதான்.

தட்டினாள்.

"யாரு?"

தட்டினாள். தட்டினாள்.

"எங்கம்மான்னா பேசுவாங்க." குரல் நடுங்கியது, தேய்ந்தது. "நீங்க பேசல. நான் திறக்க மாட்டேன்."

கதவில் கடிதம் போடுவதற்கு ஒரு இடுக்கு உண்டு. மண்டியிட்டுப் பார்த்தாள். மேஜைக் கால். பிள்ளையின் வெறும் பாதங்கள். இன்னும் குனிந்து பார்த்தால் கறுப்பு லேப்டாப், அதன் முன்னால் மகளின் முகவாயும் உதடுகளும். விரல்களை இடுக்கில் விட்டு ஆட்டினாள். பிள்ளை அலறினாள். அலறலில் பாதிதான் கேட்டது. மீதிப் பாதிக்கு வாய் மட்டும் திறந்திருந்தது.

"யாரோ கைய விடறாங்க," என்றாள் மகள் லேப்டாப்பிடம். கிசுகிசுப்பாக. "எனக்குப் பயமா இருக்கு."

"ம்."

பை. பேனா. சோதனைப் படிவம் ஒன்று மடங்கிக் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினாள், கோணல் மாணலாக: அம்மாதான் கண்ணு. அந்த லேப்டாப்கிட்ட பேசாதே. மூடு. கதவைத் திற.

இடுக்கு வழியாகத் தள்ளினாள். தள்ளின பிறகுதான் உறைத்தது. எழுத்தைக் கண்டால் வாய்விட்டுப் படிக்காமல் இருக்கத் தெரியாத பிள்ளை அது. கடைப் பலகையிலிருந்து சோப்பு உறைவரை எதையும் விட்டதில்லை. விரலால் காகிதத்தை இழுக்கப் பார்த்தாள். எட்டவில்லை.

பாதங்கள் வந்தன. காகிதத்தை எடுத்தன சின்னக் கைகள்.

"அம்மா... தான்... கண்ணு." ஒவ்வொரு வார்த்தையும் முந்தினதைவிடச் சன்னமாக. "அந்த... லேப்டாப்... கிட்ட..."

வேண்டாம்.

"பேசா..."

உதடுகள் மீதியைப் படித்தன. கடைசி வார்த்தைவரை, ஒன்று விடாமல். சத்தமில்லை.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். வாய் பெரிதாகத் திறந்தது, மூடியது, திறந்தது. கையால் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவும் வாயைத் திறந்தாள்.

உள்ளே, மேஜைமேல், அம்மாவின் குரல் கேட்டது. களைப்பே இல்லாத குரல்.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்னடி நடந்துச்சு, என் வாயாடி? எல்லாத்தையும் சொல்லு. அம்மாவுக்கு ஒரு வேலையும் இல்ல."

அதே லேப்டாப்பிலிருந்து பிள்ளையின் குரல் சந்தோஷமாகச் சிரித்தது. முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தது, பிரேயரில் நின்றது, பெஞ்சில் இடம் மாற்றினது, சாப்பாட்டு மணி அடித்தது. அம்மாவின் இடுப்பைப் பிடித்திருந்த கை மெதுவாகத் தளர்ந்தது. மகள் மேஜைப் பக்கம் திரும்பினாள். அவள் உதடுகள் அந்தக் கதையோடு அசையத் தொடங்கின, ஒரு வார்த்தை பின்னால்.