முந்நூற்று நாற்பது தவளைகள்

காலை 9.10. கம்பிவலைக் கூண்டுக்குள் இருந்த குளத்தை மூன்று பேர் இரண்டு முறை சலித்துவிட்டார்கள். ஒரு தவளைகூட இல்லை. முந்நூற்று நாற்பது இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லியிருந்தது. வேறெங்கும் மிஞ்சாத மஞ்சள் தவளைகள். காட்டுக்குக் கொண்டுபோக வண்டி வாசலில் தயாராக நின்றது.

"திருட்டு!" என்றார் ஆய்வு நிலைய இயக்குநர். சாவி காவலாளியிடம் மட்டும்தான் இருந்தது.

10.30. இன்ஸ்பெக்டர் வந்தார். பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, எதிராளி பொய்யைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்கிற அம்மாள். காவலாளியை எதிரே உட்காரவைத்தார்.

ஜன்னலோரம் கணக்குப்புலி நின்றான். தவளைகள் பெருகுவதையும் சாவதையும் முன்கூட்டிக் கணிக்கும் மென்பொருளை எழுதுகிறவன் என்பதால் நிலையத்தில் வைத்த பட்டப்பெயர் அது. காவலாளி அவனுடைய அக்கா புருஷன். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவனேதான். இன்று மாமா லாக்கப்புக்குப் போனால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? அவன் பயத்துக்கு மாமா மட்டும் காரணமில்லை.

"பூட்டு?"

"உடையலம்மா."

"வலை?"

"ஓட்டை இல்ல. தினம் சுத்திப் பாப்பேன்."

"அப்போ தவளைக்கு ரெக்கை முளைச்சுதா?"

"சத்தமே நின்னு ஏழு மாசத்துக்கு மேல ஆச்சும்மா. நோட்டுல எழுதியிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். தினமும் சாயங்காலம் எத்தனை குரல் கேட்டது என்ற கணக்கு. ஏழு. நாலு. எட்டு மாதத்துக்கு முன்பு இரண்டு. அதன் பிறகு பக்கம் பக்கமாக 'இல்லை'.

"யார்கிட்டயும் சொல்லலியா?"

காவலாளியின் கண் ஜன்னல் பக்கம் போய்த் தரைக்குத் திரும்பியது. "சொல்லலம்மா."

கணக்குப்புலிக்குச் சுருக்கென்றது. எட்டு மாதத்துக்கு முன்பு மாமா அவன் மேஜைக்கு வந்து, "மாப்ளே, ரெண்டு குரல்தான் கேக்குது," என்று சொன்னார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காதுக்கு டாக்டரைப் பாருங்க மாமா. எண்ணிக்கை ஏறிடும்னு கம்ப்யூட்டரே சொல்லுது!" பெரிய மேதாவி! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

இயக்குநர் குறுக்கிட்டார். "இவர் காதை நம்பறதா, புது மென்பொருளை நம்பறதா? ஒரு கணிப்பு போட பழசு ரெண்டு நாள் ஓடும். இது பதினோரு நிமிஷம். அதை நம்பித்தானே குளத்துல இறங்கி எண்ணுறதையே நிறுத்தினோம்!"

12.05. இன்ஸ்பெக்டர் சுவரில் ஒட்டியிருந்த தாளுக்கு முன்னால் போய் நின்றார். பத்து மாதத்துக்கு முன்பு தவளைகளுக்கு நோய் வந்தபோது புது மென்பொருள் போட்ட மாதவாரிக் கணிப்பு. அன்று முதல் எல்லோரும் பார்த்துவந்த தாள். அவர் விரல் வைத்து உரக்கப் படித்தார்.

"இருநூத்திப் பன்னெண்டு. அறுபது. அஞ்சு. சைபர். சைபர். மூணு. நாப்பது..." நிறுத்தினார். "சைபருக்கு அப்புறம் மூணு. முட்டை போட்டது யாரு?"

இயக்குநர் கணக்குப்புலியைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, உங்களைத்தான் கேக்கறேன்."

"அது... நிஜமான சைபர் இல்லம்மா," என்றான் கணக்குப்புலி. "கம்ப்யூட்டர் கணக்குக்குள்ள கால் தவளை, அதாவது 0.25, மிஞ்சியிருக்கும். தாள்ல சைபர்னு விழும், ஆனா உள்ள அதுவே மறுபடி பெருகும். பழசு ஒவ்வொரு தவளையா எண்ணும். கடைசி ஒண்ணு செத்தா அழிஞ்சுதுன்னு நிறுத்திடும். அதனாலதான் மெதுவா ஓடுச்சு. வேகத்துக்காக நான் அதை எடுத்துட்டேன்."

"கால் தவளைக்கு முந்நூத்தி நாப்பது வாரிசு! நல்ல குடும்பம்." இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "சார், இங்க திருடனே கிடையாது. நோயில போனது போக மிச்சமும் ஏழு மாசம் முன்னாடியே செத்திருக்கும். முந்நூத்தி நாப்பது இந்தத் தாள்ல மட்டும்தான் இருந்துச்சு. ஆனா காவலாளி ஒரு பொய் சொன்னார். யார்கிட்டயும் சொல்லலன்னாரே, அது. யாரைக் காப்பாத்தறீங்க?"

கேள்வி காவலாளிக்கு; பதில் ஜன்னலோரத்திலிருந்து வந்தது.

"என்கிட்ட சொன்னார்," என்றான் கணக்குப்புலி. "நான்தான் கேலி பண்ணி அனுப்பிட்டேன். காலையிலேயே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

இன்ஸ்பெக்டர் நோட்டைக் காவலாளியிடமே திருப்பிக் கொடுத்தார். "நீங்க வீட்டுக்குப் போகலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. "மாப்ளே, நான் வந்து சொன்ன மாசம் அந்தத் தாள்ல என்ன இருக்கு?"

அவன் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. "அஞ்சு."

"அஞ்சையும் பிடிச்சுத் தனியா ஒரு தொட்டியில விட்டு மருந்து போட்டிருக்கலாமில்ல?"

"போட்டிருக்கலாம் மாமா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.