தண்ணீர் டியூபில் ஏறிய கோடு

வெறும் தண்ணீர் மட்டும் இருந்த டியூபின் கோடு திரையில் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கோழிகளின் தொண்டையில் தடவி எடுத்த பஞ்சுக்குச்சியில் பறவைக் காய்ச்சல் வைரஸின் மரபணு இருந்தால் கோடு ஏறும். இல்லாவிட்டால் தரையோடு கிடக்கும். தண்ணீர் டியூப் காவலுக்கு வைப்பது. அதுவே ஏறினால் வேலை செய்த கை சுத்தமில்லை என்று அர்த்தம், அன்றைய சோதனை முழுக்கக் குப்பைக்கு. ஆய்வகத்தில் தனியாக இருந்த அவள் இன்று இரண்டு முறை கையுறை மாற்றியிருந்தாள், புதுத் தண்ணீர் எடுத்திருந்தாள். இது மூன்றாவது சோதனை. பாழாய்ப்போன தண்ணீருக்கு என்னதான் கேடு?

இரண்டு மாதத்துக்கு முன்னும் இப்படித்தான் ஏறியது. அன்றைக்குக் காரணம் தெரியும். அவசரத்தில், கோழியின் பஞ்சுக்குச்சியைத் தொட்ட கையுறையோடேயே தண்ணீர் டியூபைத் திறந்துவிட்டாள். கோழி டாக்டரான அவள் கணவன் பண்ணையிலிருந்து போன் செய்தான்.

"கோழியெல்லாம் இழுத்து இழுத்து மூச்சு விடுதும்மா. ரிசல்ட் என்னாச்சு?"

"தண்ணி ஏறிடுச்சுங்க. நாளைக்குத் திரும்பப் போட்டுத்தான் சொல்ல முடியும்."

"ரிசல்ட் இல்லாம கவச உடை தரமாட்டாங்களே. சரி விடு, நான் பாத்துக்கறேன். நீ போய்ச் சாப்பிடு."

பார்த்துக்கொண்டான். வெறும் முகத்தோடு, ஒரு நாள் முழுக்க, கொட்டகைக்குள். பன்னிரண்டாம் நாள் அவன் தொண்டையில் எடுத்த பஞ்சுக்குச்சியே அவள் மேசைக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் அவன் இல்லை. கையுறை விஷயத்தை அவள் அவனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பான், பிறகு சிரித்திருப்பான்.

ஆய்வகத் தலைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"பழைய சாம்பிளெல்லாம் இன்னைக்கு அழிச்சாகணும்மா. உங்க வீட்டுக்காரரோடதும்தான். மனசத் தேத்திக்கோங்க."

தலைவி போனபின் ஃப்ரீசரின் உறுமல் மட்டும் மிஞ்சியது. ப்ளீச் வாசனைக்கு அடியில் எங்கிருந்தோ ஈரச் சிறகின் நெடி வந்தது, மாலையில் அவன் சட்டையோடு வீட்டுக்குள் நுழையுமே, அதே நெடி. பிறகு, உறுமலுக்கு நடுவே இன்னொன்று. கர்ர். ஓர் இடைவெளி. கர்ர். கோழி மூச்சு இழுப்பதுபோல.

இல்லை. கோழி இல்லை. கடைசி நாளில் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் எண்ணிக்கொண்டிருந்த மூச்சு.

ஃப்ரீசரைத் திறந்தாள். வரிசை வரிசையாகச் சீசாக்கள். எல்லாவற்றிலும் பனி வெளியே. ஒன்றில் மட்டும் உள்ளே. அதன்மேல் அவன் சாம்பிளின் எண். சீசாவுக்குள் ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது.

"என்னங்க," என்றாள். "நான்தாங்க அன்னைக்குக் கையுறை மாத்தல."

ஆவி அப்படியே நின்றது.

முகக்கவசத்தைக் கழற்றினாள். கையுறையையும். வெறும் விரலால் மூடியைத் திருகினாள்.

உறைந்த சீசாவிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு மூச்சு வந்து உதட்டில் பட்டது. கொஞ்சமும் வீணாக்காமல் அதை உள்ளே இழுத்தாள்.

கர்ர்.

இந்தமுறை அது அவள் நெஞ்சுக்குள்ளிருந்து கேட்டது.