உம்கொட்டி

காலை ஆறு மணிக்கு அங்கவை நூலகத்தைத் திறந்தபோது, ஆளே இல்லாத கூடத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாற்காலிகள் அறுபதும் காலி. சுவர் நெடுகிலும் சின்னச் சின்ன மாடங்கள். மாடத்துக்கு ஒன்றாகச் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி. நடுவில் பீடத்தின் மேல் இருந்த சொல்லி என்னும் பொறி, "வெள்ளம் வாசற்படியைத் தொட்டது, பவளம் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்," என்று வாசித்துவிட்டு நிறுத்தியது.

"உம்," என்றன ஆயிரத்து நூற்று நாற்பது பொத்தான்களும், ஊராரின் குரலிலேயே. உணவுக்கூடத்து ஜைனபின் கணீர் குரல் அதில் இருந்தது. பள்ளித் தலைமையாசிரியரின் மூக்கடைப்பு இருந்தது. பனி துளைக்கப் போயிருந்த அங்கவையின் கணவன் செம்பியனின் கரகரப்பும் இருந்தது. சொல்லி திருப்தியடைந்து மேலே வாசித்தது.

அங்கவை இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். கடைவாய்ப் பல்லில் மூன்று நாளாக வலி. பல் மருத்துவர் அடுத்த மாதக் கப்பலில்தான் வருவார். வலியைப் பற்றிச் செம்பியனிடம் தினமும் சொல்லியிருந்தாள்; அவனும் "உம்" என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டான். அதிலேயே பாதி வலி குறைந்தாற்போலிருந்தது.

இதெல்லாம் நடந்தது கலிஸ்டோவில், வியாழனைச் சுற்றும் அந்தப் பனி நிலவின் தரைக்கு அடியில், பனிக்குடி என்ற ஊரில். ஊரின் ஒரே சன்னல், தரைக்கு மேல் எட்டிப் பார்த்த நூலகத்தில்தான் இருந்தது. அதன் வழியே பார்த்தால் வியாழன் உதிக்காமலும் மறையாமலும், நம் நிலாவைப் போல எட்டு ஒன்பது மடங்கு பெரிதாய், வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். பூமியிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு ஒரு நூலை அனுப்புவதென்றால் லேசா? தொடக்கத்தில் ஒரு நாவலின் விலை ஒரு வாரக் கூலி. பிள்ளைகள் பழைய பொறிகளின் பராமரிப்புக் குறிப்புகளை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தார்கள்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் பூமியின் நூலகக் கழகம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஊருக்கு ஒரு சொல்லியை இலவசமாக அனுப்பியது. கதைக்கு விலை காசு இல்லை, காது என்றது. வீட்டில் கதை சொல்பவர்கள் செய்வதைத்தான் சொல்லியும் செய்யும். நாலு வாக்கியம் சொல்லி நிறுத்தும். கேட்பவர் "உம்" கொட்ட வேண்டும். கொட்டினால்தான் மேற்கொண்டு கதை. அனுப்பிய நூல்களை ஊர் கேட்டு முடித்தால் அடுத்த கட்டு இலவசமாக வரும். கேட்க ஆளில்லையென்றால் நூலகத்துக்குப் பூட்டு.

முதல் இரண்டு வருடம் கூட்டம் தாங்கவில்லை. பிறகு வேலை வந்தது, பூமியிலிருந்து கிரிக்கெட் வந்தது, இன்னும் என்னென்னவோ வந்தது. பட்டறை மெக்கானிக் யாக்கூப் முதல் உம்கொட்டியைச் செய்தான். சொல்லி நிறுத்தும்போதெல்லாம் அது "உம்" என்னும், அவ்வளவுதான். கழகம் கண்டுபிடித்துவிட்டது. உம்மின் தொனியையும் கவனிக்கச் சொல்லிக்குக் கற்றுக்கொடுத்தது. கதையில் ஒரு சாவு விழும்போது உற்சாகமாக உம் கொட்டினால், மறுபடியும் அத்தியாயத்தின் தலையிலிருந்து ஆரம்பிக்கும். யாக்கூப் விட்டானா? உம்கொட்டிக்குள் கடுகளவு மூளை ஒன்றை வைத்தான், எங்கே பெருமூச்சு விடுவது, எங்கே பதறுவது என்று கதையைப் புரிந்துகொண்டு சொல்ல. சொல்லி இன்னும் கெட்டிக்காரப் பொறியாயிற்று. இவனும் மூளையைப் பெரிதாக்கினான். இப்படிப் பதினோரு சுற்று நடந்த பிறகு, பொய்யாக உம் கொட்ட வேண்டுமானால் மெய்யாகவே கதை கேட்டாக வேண்டும் என்ற இடத்தில் விஷயம் வந்து நின்றது. அது யாருக்கும் உறைக்கவில்லை.

சூரிய மண்டலத்திலேயே அதிகம் வாசிக்கும் ஊர் பனிக்குடிதான் என்று நுழைவாயிலில் பலகை மாட்டியிருந்தார்கள். தலைக்கு ஆண்டுக்கு அறுபத்தொரு நூல். யாரைக் கேட்டாலும் "ஓ, அதுவா? கேட்டாச்சே," என்பார்கள். நாம் சிரிக்க வேண்டாம். புத்தகக் கண்காட்சியில் பை நிறைய வாங்கி, பிரிக்காமல் அடுக்கி, அடுக்கின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களின் வம்சம்தான் அது. எந்த நல்ல நூலைப் பற்றி யார் எழுதினாலும் கீழே "பிடிஎஃப் கிடைக்குமா?" என்று கேட்டு வாங்கி, திறக்காமலே சேர்த்து வைத்த பரம்பரை.

கேட்கத் தெரிந்தவள் ஊரில் அங்கவை ஒருத்திதான். பவளத்தின் கதை மூன்று பாக நாவல். இரண்டு வாரமாக அவள் அந்த வெள்ளத்துக்குள்ளேயே குடியிருந்தாள். இரண்டாம் பாகம் முடியப்போகிறது. மூன்றாம் பாகம் வரவேண்டுமானால், கேட்பவர்களை எண்ணிப் பார்க்க வரும் கழகத்துத் தணிக்கை அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அவர் நாளை மறுநாள் வருகிறார். அதற்குள் அறுபது நாற்காலிக்கும் ஆள் பிடிக்க வேண்டும்.

"இங்க நூலகர் யாரும்மா?"

வாசலில் தோள்பையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை மீசை, கசங்கிய சட்டை.

"நான்தாங்க. அங்கவை. நீங்க...?"

"ராயப்பன். கழகத்துத் தணிக்கை. தண்ணிக் கப்பல்ல ஒரு இடம் காலியா இருந்துச்சு, ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பிட்டேன். வாசகர்லாம் எங்க?"

அந்த நேரம் பார்த்துச் சொல்லி நிறுத்தியது. "உம்," என்றது சுவர்.

ராயப்பன் சுவரைப் பார்த்தார். ஒரு மாடத்திலிருந்து பொத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட அங்கவைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பக்கத்து நிலவு கானிமீட்ல ரெண்டு ஊர்லயும் இதே கதைதான். பூட்டிட்டுத்தான் வர்றேன்," என்றார். பையிலிருந்து படிவத்தை எடுத்து, கேட்போர் எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டார். "பொறிய நிறுத்திடும்மா."

"அத்தியாயம் முடிய இன்னும் ரெண்டு பக்கம்தாங்க. அது மட்டும் முடியட்டுமே."

"யாருக்காக முடியணும்?"

அங்கவை எனக்காக என்று சொல்லியிருக்கலாம். ஆயிரத்து நூற்று நாற்பதுக்கு முன்னால் அந்த ஒன்று வாயில் வரவில்லை. கண் கலங்க எழுந்து பீடத்தருகே போனாள். "பவளம் கதவின் மேல் கை வைத்தாள்," என்றது சொல்லி. அவள் பொறியை அணைத்தாள்.

கூடம் நிசப்தமாயிற்று. பத்து வருடத்தில் அந்தக் கூடம் அப்படி இருந்ததில்லை.

"உம்," என்றன பொத்தான்கள்.

சொல்லி பேசவில்லை.

"உம்," என்றன இன்னொரு தரம். பிறகு, "உம்?"

ராயப்பன் படிவத்தை மடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மேல் வரிசை மாடமொன்றிலிருந்து ஜைனபின் குரல் கேட்டது.

"அப்புறம்?"

அங்கவை அந்த மாடத்தை அண்ணாந்து பார்த்தாள். உம் என்ற ஒன்றைத் தவிர வேறொரு சொல்லை யாக்கூப் எந்த உம்கொட்டிக்கும் கற்றுத்தரவில்லை. கதை கேட்டுக் கேட்டு அதுவே கற்றுக்கொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றது இன்னொன்று. "சொல்லுங்க, அப்புறம்?" "கதவைத் திறந்தாளா இல்லையா?" "நிறுத்துற இடமா இது?" சுவர் முழுக்கக் குரல்கள் எழுந்தன. ஊரே கேட்டது. நம் மொழியில் காதால் கேட்பதும் கேட்பதுதான், வாயால் கேட்பதும் கேட்பதுதான். முதல் கேட்டலை ஒழுங்காகச் செய்தவருக்கே இரண்டாவது வரும் என்பதால்தான் இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தார்களோ என்னவோ. சன்னலுக்கு வெளியே வியாழன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கோளைவிட அந்தப் பொத்தான்கள் அங்கவைக்குப் பெரிதாகத் தெரிந்தன.

ராயப்பன் ஜைனபின் மாடத்தருகே போனார். "உனக்கு... என்ன தோணுது? திறப்பாளா?"

"மாட்டா," என்றது பொத்தான். "திறந்தா வெள்ளம் உள்ள வந்துரும். திறக்கலைன்னா பரிசல்காரன் போயிருவான். அவ ஒரு பயந்தாங்கொள்ளி."

"பயமா அது?" என்றது கீழ் வரிசையிலிருந்து தலைமையாசிரியரின் மூக்கடைப்பு. "முதல் பாகத்துல தம்பிக்கு வாக்குக் கொடுத்தாளே, மறந்துட்டியா? அவன் வராம அவ வீட்ட விட்டு நகர மாட்டா."

"அந்தத் தம்பிதான் இவள நட்டாத்துல விட்டவன்!"

சண்டை சூடுபிடித்தது. ராயப்பன் நாற்காலி ஒன்றில் மெல்ல உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபத்தாறு வருஷம் தணிக்கை பண்ணியிருக்கேன். கதையில இவ ஏன் இப்படிச் செஞ்சான்னு ஒருத்தர் சண்டை போட்டுப் பார்த்ததில்ல," என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்த ரெண்டு ஊரையும் நின்னு கேக்காமலே பூட்டிட்டேனே தாயி," என்றார்.

"இப்ப இந்த ஊரு?"

அவர் படிவத்தை விரித்தார். "விதியில என்ன போட்டிருக்கு? கேட்போர். மனுஷங்கன்னு எங்கயும் போடல." பூஜ்யத்தை அடித்துவிட்டு ஆயிரத்து நூற்று நாற்பது என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, அங்கவையைப் பார்த்து, அதையும் அடித்து ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்று என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். "மூணாம் பாகம் இந்த வாரமே இறங்கிடும். பொறியப் போடும்மா. நானும் உக்காந்து கேக்குறேன். அந்தக் கதவு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அங்கவை பொறியைப் போட்டாள். ஒரு பக்கம் முடிவதற்குள் ராயப்பன் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். அவர் குறட்டை கேட்ட பிறகு பொத்தான்கள் உம் கொட்டுவதை மெதுவாக்கிக்கொண்டன.

அன்று மாலை அவள் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள். செம்பியன் பணி முடிந்து வந்து சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தான். எதிர்ச்சுவரில் பூமியின் கிரிக்கெட் ஆட்டம் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அங்கவை மூச்சு விடாமல் சொன்னாள். ராயப்பன் வந்ததை, பூஜ்யம் போட்டதை, பொறியைத் தன் கையாலேயே அணைத்ததை.

"உம்," என்றான் வருத்தமாக.

அந்த முதல் அப்புறத்தைச் சொன்னாள்.

"உம்!" அதில் வியப்பு இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்வார்கள், உன் வீட்டுக்காரர் மாதிரி காது கொடுத்துக் கேட்கிற ஆம்பளையை எங்கேயும் பார்த்ததில்லை என்று. அங்கவைக்கும் அதில் பெருமைதான். சொல்லி முடித்து, நிறைந்த மனதோடு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் சுவரில் இருந்தது. அவன் காதுமடலின் பின்னால் பொத்தான் அளவில் ஏதோ ஒன்று பச்சையாக மினுங்கியது.

"என்னங்க அது?"

செம்பியன் திடுக்கிட்டுத் திரும்பினான். "எது?"

"காதுல. உங்களோடதுதான் நூலகத்து மாடத்துல இருக்கே?"

"அது கதைக்கு," என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. "இது வீட்டுக்கு."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ஊர்ல எல்லாரும்தான் வச்சிருக்காங்க..." மேற்கொண்டு கேள்வி வராமலிருக்கப் பெரிய கவளமாக உருட்டி வாயில் போட்டுக்கொண்டான்.

அங்கவை இரண்டு வருடத்தில் தான் சொன்னதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். தங்கையின் கல்யாணம், அம்மாவின் கண் அறுவை, நிலைக்காமல் போன அந்தக் கரு. அதற்கு அவன் சொன்ன உம்மைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த மாதத்தைக் கடந்திருந்தாள்.

"அங்கவை," என்றது செம்பியனின் குரல். செம்பியனின் வாய் நிறையச் சோறு இருந்தது. "பல்வலி எப்படி இருக்கு? மூணு நாளா சொல்லிட்டே இருந்தியே. இன்னைக்குப் பல்லப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?"

செம்பியன் அவசரமாக விழுங்கினான். "பல்லா? யாருக்கு?"

அங்கவை எழுந்து போய் அவன் தோளில் கை வைத்து, காதருகே குனிந்தாள்.

"இன்னைக்குக் கொஞ்சம் தேவலை," என்றாள். அவனிடம் இல்லை.

"உம்," என்றது காது. "அப்புறம்?"