கூரைத் துணி

முன்கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. வெளியில்தான் என்று நினைத்து எலியேசர் வைப்பரைப் போட்டான். அது இரண்டு தரம் கீச்சிட்டு ஓய்ந்தது. ஆவி அப்படியே நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தான். உள்பக்கம். வண்டிக்குள் அவன் ஒருத்தன்தான் இருந்தான், அதுவும் ஏறி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

போகிக்கு முந்தின நாள் மாலை. ஊருக்குப் போகிற சென்னை மொத்தமும் பெருங்களத்தூரில் வந்து அடைத்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் மணல் லாரி, கதவைத் திறந்தால் இடிக்கிற நெருக்கத்தில். இடது பக்கம் ஆம்னி பஸ், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. ஹாரன் சத்தமும் டீசல் புகையும் மூட்டை மூட்டையாக ஜனமும் சேர்ந்து, சாலை இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றது.

பழைய கார்களை வாங்கி, தட்டி, பெயிண்ட் அடித்து விற்பது எலியேசருக்குப் பிழைப்பு. இரும்புலியூரில் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தான். போன மழையில் மூழ்கிய வண்டிகள் அடிமாட்டு விலைக்கு வந்தன. அதில் ஒன்றுதான் இந்தப் பியட். “தண்ணி சக்கரம் வரைக்கும்தான் ஏறிச்சு, எலியேசரு” என்று தரகர் சாம்பசிவன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். ஸ்பீடாமீட்டருக்குள் சேறு காய்ந்திருந்தது. பொய் என்று தெரிந்தே வாங்கினான்.

மறைப்பதில் அவன் கெட்டிக்காரன். தரைத்தகட்டில் தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனிக்காரன் விட்டிருந்த ஓட்டைகளைச் சுற்றித் துரு கட்டியிருந்தது. வாங்குகிறவர் குனிந்து பார்த்தால் கதை கந்தல் என்று, புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணி ஓட்டைகளையே மூடிவிட்டான். கதவுகளுக்குத் தடிமனான ரப்பர் பீடிங் போட்டான். “ஒரு சொட்டு உள்ள இறங்காது மேடம்” என்று நாகலக்ஷ்மியிடம் பெருமையடித்தான். அவர் காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆசிரியை. முதல் கார் வாங்குகிறார். பின்சீட்டில் ஐந்து வயது மகன் உட்கார வசதியாக இருக்குமா என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் வீட்டுக்குத்தான் இப்போது வண்டி போய்க்கொண்டிருந்தது.

சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. கூரைத் துணி மாற்ற வந்த பரணி, பின்சீட்டில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தவன், திடீரென்று கூப்பிட்டான்.

“அண்ணா, இங்க வந்து பாருண்ணா. மேல கை கீது.”

பழைய துணியில் சேற்றுக் கைத்தடங்கள், பின்சீட்டுக்கு நேர் மேலே. விரல்களை அகல விரித்து, மாற்றி மாற்றி அழுத்தினவை.

“எவனாவது மெக்கானிக் வெச்சிருப்பான்டா.”

“மெக்கானிக்குக்கு இத்தினியூண்டு கையா கீது?”

 எலியேசர் துணியைக் கிழித்துக் கொண்டுபோய்க் கொளுத்தினான். அந்த மழையில் வண்டிக்குள் யார் இருந்தார்கள் என்று சாம்பசிவனைக் கேட்டிருக்கலாம். கேட்டால் விற்க மனசு வராது. அதனால் கேட்கவில்லை. பரணி கூலியை வாங்கிக்கொண்டு போனவன், அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது, டேஷ்போர்டில் வைத்த மல்லிகை சென்ட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை மெல்ல மேலே வந்தது. ஏரி வற்றும்போது வருகிற சேற்று வாடை, அழுகின இலையும் நனைந்த துணியும் கலந்து, முதலில் மூக்கில், பிறகு நாக்கில். பின்னால் எங்கோ சொட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. அப்புறம் ரெக்ஸினை நகத்தால் பிறாண்டுகிற சத்தம்.

இடதுபக்கக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். வேர்க்கடலை விற்கிற அம்மாள், கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்தில் நின்றாள்.

“இன்னா சார் நீ? பின்னாடி புள்ள கண்ணாடிய தட்டிகினே கீது. கொஞ்சம் எறக்கி வுடு சார், மூச்சு முட்டப் போவுது.”

சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டில் யாரும் இல்லை. புது உறையின் நடுவில் மட்டும் ஈரம், ஒரு குழந்தை உட்கார்ந்து எழுந்த அளவுக்கு.

கண்ணாடியை இறக்கும் பிடியைச் சுற்றினான். அது வெறுமனே சுற்றியது. கதவுப் பிடியை இழுத்தான். எதிலும் மாட்டாமல் கையோடு வந்தது. தாவி இடது பக்கக் கதவை இழுத்தான். அதுவும் அப்படியே. காலில் என்னவோ சில்லிட்டது.

தண்ணீர்.

செருப்பு மிதந்தது. கணுக்கால் வரை, பழுப்பாக, மழை நாளின் குளிர்ச்சியோடு. வெளியே சாலை காய்ந்து புழுதி பறந்தது. ஹாரனை அழுத்தினான், விடாமல் அழுத்தினான். ஆயிரம் ஹாரனில் அதுவும் ஒன்று. பஸ் ஜன்னலில் ஒரு பெண் இந்தப் பக்கம் திரும்பினாள். எலியேசர் இரண்டு கையையும் ஆட்டினான். அவள் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினாள். பின்சீட்டைப் பார்த்து.

முழங்கால். குனிந்து தண்ணீருக்குள் தரையைத் துழாவினான். ஓட்டை இருந்த இடம் தெரியும். வழவழவென்று தகடு. அவன் போட்ட வெல்டிங். ஒரு பிசிறு இல்லை. நகம் பெயர்ந்தது.

“கர்த்தரே!”

இடுப்பு. முழங்கையால் கண்ணாடியை இடித்தான். அசையவில்லை. நாளைக்கு அந்தப் பையன் இங்கேதான் உட்காருவான் என்ற நினைப்பு அப்போதுதான் முதல்முறையாக அவனைத் தைத்தது.

“விக்கமாட்டேன் கண்ணு! சத்தியமா விக்கமாட்டேன். வண்டிய நானே ஒடைச்சிப் போட்டுர்றேன். என்னை வுட்டுடும்மா!”

பின்னால் பிறாண்டல் நின்றது. ஒரு நொடி தண்ணீரும் நின்றது.

பிறகு ஏறியது.

மார்பு. கழுத்து. முகத்தை மேலே தூக்கினான். கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல் காற்று. புதுத் துணியின் பசை வாசம். இடது கையை விரித்து மேலே ஊன்றினான். அழுத்தினான். எடுத்தான். மறுபடி அழுத்தினான்.

வெள்ளைத் துணியில் அவன் கைத்தடம், சேறாக.

அதன் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. சின்னது.

வெளியே பஸ் உறுமியது. முன்னால் இருந்த வண்டிகள் நகர ஆரம்பித்தன. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

மூன்று விரல் காற்று. இரண்டு.

தண்ணீருக்குள் தொங்கிய அவன் வலது கையை, சாலையைக் கடக்கும்போது பிள்ளைகள் பிடிக்கிற மாதிரி, ஒரு சின்னக் கை இறுகப் பிடித்துக்கொண்டது.