கப்பலுக்குக் கட்டிய மூட்டை

மூட்டையில் இராக்கம்மா எண்ணிப் போட்டது ஏழு எலுமிச்சம்பழம். விடிந்ததும் வறுத்த அரிசிப் பொட்டலத்தைத் திணிக்க முடிச்சை அவிழ்த்தபோதும் ஏழுதான் இருந்தன. ஒன்றில் பல் பதிந்திருந்தது. தோலோடு கடித்த கடி. மேல்வரிசைத் தடத்தின் நடுவில் ஒரு பல்லின் இடம் மட்டும் பதியாமல் விட்டிருந்தது.

எலி என்று சொல்லிக்கொண்டாள். படங்குச் சாக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்த பேச்சியின் வாயைத் திறந்தும் பார்த்தாள். நாலு வயசுக்காரிக்குப் பல் எல்லாம் இருந்தது. முன்பல் விழுந்திருந்தது மூத்தவள் செல்லாயிக்கு. எலுமிச்சம்பழத்தைத் தோலோடு கடிப்பதும் அவள்தான். விஷக்காய்ச்சலில் அப்பன் போன மூன்றாம் நாள் அவளும் போனாள். கூலிக்காரர் லயத்துக்குக் கீழே தேயிலைச் சரிவில் புதைத்துப் பதினோரு நாளாகிறது.

நமுனுகுல மலையில் அந்த லயத்தின் பத்துக் காம்பரா வீடுகளில் நாலு பூட்டிக் கிடந்தன. மிச்சமிருக்கிற ஒரு பிள்ளையையாவது அக்கரை சேர்த்துவிட வேண்டும். இராக்கம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆள் கூட்டிவர ஊருக்குப் போகிற முருகையா கங்காணியோடு புறப்பட இடம் கிடைத்தது. ஆனால் நேற்றிலிருந்து பேச்சியின் உடம்பும் சுட்டது. கப்பல் ஏறும் தலைமன்னாரில் டாக்டர் ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்ப்பாராம். சுட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

நாலு தடவை கடல் தாண்டிய பக்கத்துக் காம்பரா பாக்கியலெட்சுமிதான் என்னென்ன கட்ட வேண்டும் என்று சொல்லித் தந்தவள்.

"எலுமிச்சம்பழம் நெறைய வச்சுக்க. கப்பல் ஆடுனா கொடலே வாய்க்கு வந்துரும், மோந்துக்கிட்டே இரு. நடுவுல ஒக்காரு, தண்ணியப் பாக்காத. செரட்ட ஒண்ணு கையில வச்சுக்க. போன தடவ ஒருத்தி பிள்ள என் மடியிலயே வாந்தி எடுத்துருச்சு. ஊரு போற மட்டும் மணத்துக்கிட்டே போனேன்." சிரித்தாள். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. "ஏறுற எடத்துல தள்ளுமுள்ளு. பிள்ளைய துணியால ஒன் இடுப்போட கட்டிக்க. செத்தவங்க துணி மட்டும் மூட்டையில வேணாம்டி. கூடவே வரும்."

"எல்லாத்தையும் எரிச்சாச்சுக்கா."

எல்லாவற்றையும் எரிக்கவில்லை. செல்லாயியின் சிவப்புப் பாவாடை கிழியாமல் இருந்தது. அந்தக் காம்பராவில் கிழியாத துணி அது ஒன்றுதான். அறுந்த கொழுந்துக்கூடைக் கயிற்றையே முடிந்து முடிந்து போட்டுப் பழகிய கைக்கு அதை நெருப்பில் போட மனம் வரவில்லை. மூன்று விரல் அகலத்தில் கிழித்துக் கயிறாக முறுக்கினாள். ஒரு நுனியைப் பேச்சியின் மணிக்கட்டில் கட்டினாள், மறு நுனியைத் தன் இடுப்பில். மூட்டையில்தானே வைக்கக் கூடாது.

பண்டாரவளைக்கு இறங்கும் பாதையில் பனி மூடிக் கிடந்தது. முன்னால் போகிறவர்களின் கம்பளி கூடத் தெரியவில்லை. தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக நடந்தவளின் காதில், தன் காலடிக்கும் வாகையிலைகளிலிருந்து சொட்டும் நீருக்கும் இடையே, பின்னால் ஈர மண்ணில் சின்னப் பாதங்கள் பதிந்து பதிந்து எடுபடுகிற சத்தம் கேட்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது. எலுமிச்சை வாசம் முதுகுப் பக்கமிருந்து வந்தது. மூட்டையோ தலையில் இருந்தது.

"அம்மா, அக்காவும் வருது."

"வாய மூடிக்கிட்டு வா."

திரும்பிப் பார்க்கவில்லை. ரயிலில் ராத்திரி முழுக்கப் பேச்சியின் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தாள். துணி போட்டவுடனே காய்ந்தது. விடிந்து மூட்டையைப் பார்த்தபோது மூன்று பழத்தில் கடி.

தலைமன்னார் துறையில் வெயிலும் காற்றும். மணல் முகத்தில் அறைந்தது. பிள்ளையை இறக்கி நிறுத்தி, கம்பளியைத் தலையோடு போர்த்தி, மனத்துக்குள் மாரியம்மனைக் கும்பிட்டாள்.

முருகையா கங்காணி கயிற்றைப் பார்த்துவிட்டார். "என்னா புள்ள, ஆட்டுக்குட்டி ஓட்டிக்கிட்டுப் போறியா?"

"கூட்டங்க. தொலைஞ்சிருங்க."

முன்னால் இருந்தவர்கள் திடீரென்று நெருக்கினார்கள். பின்னாலிருந்து ஒரு தகரப்பெட்டி இடுப்பில் இடித்தது. கயிறு தளர்ந்தது. அவள் கை அதைத் தேடுவதற்குள் மறுபடி இறுகியது. கம்பளி காலோரம் நின்றது.

டாக்டர் குனிந்து கம்பளிக்குள் கையை விட்டார். அவர் சட்டென்று கையை எடுத்து கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சில்லுனு இருக்கு. போ."

இறங்கிவிட்டது. காய்ச்சல் இறங்கிவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது. கப்பலுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறினாள். நடுவில் இடம் பிடித்தாள். கம்பளியை மடியோடு அணைத்துக்கொண்டாள். கனத்தது. கூடை நிறையக் கொழுந்து போலக் கனத்தது.

சங்கு ஊதியது. பலகையை இழுத்தார்கள். கப்பல் அசைந்தது.

"அம்மா!"

கரையிலிருந்து.

தண்ணீரைப் பார்க்கக் கூடாது. பார்த்தாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம், துறையின் ஓரத்தில், கம்பளி இல்லாமல், காய்ச்சலில் சிவந்த முகத்தோடு பேச்சி நின்றாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. மணிக்கட்டில் ஒன்றுமில்லை.

"அம்மா! அம்மா!"

எழுந்தாள். இடுப்பில் கயிறு பிடித்து இழுத்து உட்கார வைத்தது. முடிச்சைப் பிய்த்தாள். நகம் பெயர்ந்தது. முடிச்சு ஈரமாக இருந்தது. இறுகிக்கொண்டே இருந்தது.

"பிள்ள! என் பிள்ள அங்க!"

"மடியிலதானேம்மா இருக்கு," என்றாள் பக்கத்திலிருந்தவள். "தண்ணியப் பாக்காத, தல சுத்தும்."

கரை சின்னதானது. சத்தம் காற்றோடு போனது.

மடியில் ஈர மண் வாசம். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. சிவப்புத் துணி சுற்றிய மணிக்கட்டு. நகத்துக்குள் தேயிலைச் சரிவின் கறுப்பு மண். அது மூட்டைக்குள் துழாவி ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

தோலோடு கடிக்கிற சத்தம் கேட்டது.