இருளில் அமர்ந்த சபை

விஸ்துலா நதியின் மேல் எழுந்த நிலவு, பார்ப்பார் எவருமின்றித் தன் வெள்ளிப் பாதையை நீரில் விரித்துக்கொண்டிருந்தது. அன்பார்ந்த வாசகர்களே, வார்சா நகரை நோக்கி நகரும் அந்தப் படகில் கறுப்பு முக்காட்டுடன் அமர்ந்திருக்கும் பெண்ணைச் சற்றே பாருங்கள். அவள் பெயர் ரோசாலியா. அண்டைப் பேரரசின் தூதன் அவளை அக்கரைக் கோட்டையில் பனிக்காலம் முழுவதும் சிறைவைத்திருந்தான். இன்று காரணம் சொல்லாமலே கதவைத் திறந்துவிட்டான். சுவர்களோடு பேசிப் பழகியவளுக்கு விடுதலைகூட அந்நியமாக இருந்தது.

குன்றின்மேல் அரண்மனைச் சாளரங்கள் இருண்டு கிடந்தன.

"அங்கே யாரும் இல்லையா, படகோட்டியாரே?"

"இல்லாமல் என்ன, அம்மணி! போலந்தின் பிரபுக்கள் அத்தனை பேரும் கூண்டுக் கோழிகளைப் போல இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லைக்குப் படை திரட்டத் தீர்மானமாம். ஒரு மகாராசர் 'இசையேன்' என்று சொல்லிவிட்டு வெளியேறிவிட்டாராம். ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் செத்தது! அவர் திரும்பிவந்து இசைந்தாலொழிய மெழுகுவர்த்தி ஏற்றக்கூடச் சபைக்கு உரிமையில்லை. இன்றிரவோடு கலைந்துவிடுவார்கள்."

படகு கரையைத் தொட்டதும், அவளுக்கு மணம் பேசப்பட்டிருந்த பிரபு காஸ்பர் பாய்ந்து ஏறினான்.

"ரோசாலியா! கீழ்த்துறையில் குதிரைகள் காத்திருக்கின்றன. வா, இந்த நாட்டையே விட்டுப் போய்விடலாம்."

"என்னை மீட்கத் தூதனுக்கு என்ன கொடுத்தீர்கள்?"

அவன் பார்வை குன்றின் பக்கம் ஓடித் திரும்பியது.

"ஒரு சொல்" என்றான்.

ரோசாலியா இருண்ட சாளரங்களை ஏறிட்டாள். சிறைச்சுவரில் இரவுதோறும் அவள் தீட்டிப் பார்த்த முகம் இதோ, கைநீட்டினால் எட்டும் தூரத்தில்.

"திரும்பிச் செல்லுங்கள், பிரபு."

"அங்கே என்னை வாள்கள் எதிர்கொள்ளும். உனக்காகத்தானே அதைச் சொன்னேன்! என்னோடு வர மாட்டாயா?"

"இசையேன்."

சாட்டை பட்டவன்போல் அவன் அதிர்ந்தான். பிறகு மண்டியிட்டு அவள் விரல்களைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

"என் வாளின்மீது ஆணை. அங்கே ஒளி தெரிந்தால் நான் இசைந்துவிட்டேன் என்று அறிந்துகொள். அதன்பின் எனக்காகக் காத்திராதே. தூதனின் ஆட்கள் உன்னைத் தேடுவார்கள். கடலை நோக்கிப் போய்விடு."

குளம்பொலி குன்றேறி மறைந்தது. படகு நீரோட்டத்தோடு இறங்கிற்று.

வெகுநேரம் கழித்து ஒரு சாளரத்தில் மங்கலாக ஒரு சுடர் நடுங்கியது, அடுத்ததில் இன்னொன்று, பிறகு அரண்மனை முழுவதும்.

"ஏற்றிவிட்டார்கள், அம்மணி" என்று முணுமுணுத்தவன் தன் தொப்பியைக் கழற்றினான்.

நதி வளைந்து மறைக்கும்வரை அவள் அந்த ஒளியை நோக்கியே அமர்ந்திருந்தாள்.