மூன்று விசில், ஒரு டமால்

"என் லைசென்சே போவப் போவுதுங்க மேடம்!" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தார் கண்ணாயிரம். கரியாலூர்ப் பக்கம் மலைச்சாலையை அகலப்படுத்தும் வேலையில் பாறைக்கு வெடி வைப்பவர் அவர். நேற்றுப் பகல் அவர் வைத்த வெடியில் தன் விடுதி ஜன்னல் நொறுங்கிவிட்டது என்று தங்கதுரை என்பவர் புகார் கொடுத்திருந்தார். நாளை அதிகாரிகள் விசாரணைக்கு வருகிறார்கள்.

"மருந்து ஜாஸ்தி வெச்சிட்டேனாம். அளவுக்கு மேல ஒரு துளி வெச்சிருந்தா என் கையை வெட்டிக்கிறேங்க."

"கை இருக்கட்டும். ஜீப் ஓட்ட வேணும்," என்றார் ஜெயசுதா. கள்ளக்குறிச்சியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் அவர், எதற்கும் குரலை உயர்த்தி இளஞ்செழியன் கேட்டதில்லை. அவருடைய உதவியாளனான இளஞ்செழியனோ அதற்குள் கீழே இறங்கி ஜீப்பில் ஏறிவிட்டான்.

விடுதி வாசலிலேயே தங்கதுரை காத்திருந்தார்.

"நான் பாட்டுக்கு சும்மா குந்திக்கினு இருந்தேங்க. மூணு விசில் வந்துச்சு. அப்புறம் டமால்னு ஒரு சத்தம். கண்ணாடி வூடு பூரா செதறிப்போச்சு."

ஜெயசுதா கண்ணாயிரத்தைப் பார்த்தார். "வெடிக்கு முன்னால விசில் உண்டா?"

"உண்டுங்க. மூணு தடவ ஊதுவோம். அப்பதான் ரோட்டுல போறவங்க நிப்பாங்க."

இளஞ்செழியனுக்கு மனம் சோர்ந்தது. புகார் அச்சு அசலாகப் பொருந்துகிறதே!

உள்ளே அவர் குடியிருக்கும் பகுதி ஒரே பெரிய அறை. ஒரு மூலையில் அடுப்பு, அதற்கு எதிரே பெரிய ஜன்னல். கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் சட்டத்திலேயே நின்றது. தரையில் மெல்லிய கண்ணாடித் துண்டுகள். பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. அதன் கீழே மட்டும் சுண்ணாம்பு சதுரமாக வெளுத்திருந்தது.

"ரோட்டுல வெடி வைக்கறாங்கன்னுதான் லேமினேட் கண்ணாடியா பார்த்து வாங்கினேன்," என்றார் தங்கதுரையின் மனைவி தேவிப்ரியா. திருக்கோவிலூரில் அம்மா வீட்டுக்குப் போய், இன்று காலைதான் திரும்பியிருந்தார். "உதிரவே உதிராதுன்னாங்க. இப்பப் பாருங்க, எப்படிக் கொட்டிக் கெடக்குதுன்னு."

"அக்கா, அப்போ கண்ணாடிக் கடைக்காரர்தான் ஏமாத்தியிருக்கார்!" என்றான் இளஞ்செழியன் ஜெயசுதாவிடம். சொன்ன மறுகணமே, அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

"ஜன்னலைத் துணியால தடவிப் பார்த்துட்டுச் சொல்லு."

தடவினான். ஒரு துண்டுகூடக் குறையவில்லை. நடுவில் ஓரிடத்திலிருந்து சிலந்தி வலை போல விரிசல்கள் கிளம்பியிருந்தன. அந்த இடம் மட்டும் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது.

"அருமையான கண்ணாடி," என்றார் ஜெயசுதா. "ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிசின் படலம். வெளியில பலமா வெடிச்சா, காத்து மொத்த ஜன்னலையும் உள்பக்கம் தள்ளும். கண்ணாடி எங்கும் விரிசல் விடும். ஆனா படலம் இழுபட்டு, கொடியில காயற புடவை மாதிரி உள்ளே உப்பும். துண்டுகள் அதுலயே ஒட்டிக்கினு நிக்கும்."

"ஆனா அக்கா, வெடிக்காத்து முதல்ல தள்ளிட்டு அப்புறம் இழுக்கும்னு படிச்சேனே? அந்த இழுப்புல வெளியே புடைச்சிருந்தா?"

"நல்ல கேள்வி. இழுத்தாலும் மொத்தக் கண்ணாடியையும்தான் இழுக்கும். இங்கே அடி ஒரே இடத்துல விழுந்திருக்கு. அதுவும் உள்ளேயிருந்து."

"அப்ப தரையில கெடக்கறது?"

"ஜன்னல் கண்ணாடி முழுசா இருக்கு. அப்ப இது வேற கண்ணாடி. இவ்வளவு மெல்லிசா படத்துக்குத்தான் போடுவாங்க." ஜெயசுதாவின் பார்வை ஆணிக்குப் போனது. எல்லோருடைய பார்வையும் கூடவே போனது.

"ஐயோ, நம்ம கல்யாண போட்டோ!" என்று அலறினார் தேவிப்ரியா.

"போட்டோ பத்திரமா இருக்குது தேவி," என்று முனகினார் தங்கதுரை. "வெடி வெச்சா செதறணுமேன்னுதான்... கண்ணாடியை மட்டும் ஒடச்சுப் போட்டு..."

"சரிக்கா, உள்ளேயிருந்து அடிச்சது எது?"

"அதை அவரே வாசல்ல சொல்லிட்டார். கண்ணாயிரம் விசில் 'ஊதுவோம்'னார். ஆள் ஊதினா நாம 'ஊதினாங்க'ன்னுதான் சொல்லுவோம். இவர் 'விசில் வந்துச்சு'ன்னார். விசில் எதுக்கு வரும்?"

தேவிப்ரியா மெல்ல அடுப்புப் பக்கம் திரும்பினார். "குக்கர்! மூடி சரியாப் பிடிக்கல, நான் வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

கட்டிலுக்கு அடியிலிருந்து குக்கர் வெளியே வந்தது. மூடியின் விளிம்பு நசுங்கியிருந்தது.

"பிரியாணி செஞ்சு உன்னை அசத்தலாம்னு ஒரு ஒத்திகை பார்த்தேன்," என்றார் தங்கதுரை. "மூடி பறந்துபோய் ஜன்னல்ல அடிச்சிடுச்சு. இன்னா செய்யறதுன்னு நிக்கறப்போ மலையில வெடிச்சுது. சாமியாப் பார்த்து அனுப்பிச்சுதுன்னு நெனச்சேன்."

"உங்க பிரியாணிக்கு என் லைசென்ஸா கெடச்சுது?" என்ற கண்ணாயிரத்துக்குக் கோபத்தோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

தேவிப்ரியா சிரிக்கவில்லை. போனில் புகார் வாங்கிய அதிகாரியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, கணவரிடம் நீட்டினார். "சொல்லுங்க."

தங்கதுரை போனை வாங்கினார். "சார், கரியாலூர் தங்கதுரை பேசறேங்க. அந்தப் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேங்க. எங்க ஜன்னலை ஒடச்சது பாறைக்கு வெச்ச வெடி இல்லீங்க சார்... பிரியாணிங்க."